சிறுவர் இலக்கியத்தில் வழிகாட்டி நாய்கள்

சிறுவர் இலக்கியத்தில் வழிகாட்டி நாய்கள் என்னும் இக்கட்டுரை, பார்வையற்றோருடன் துணையாக நடக்கப் பயிற்றப்பட்ட நாய்கள் சிறுவர்களுக்கான புதினங்களிலும் படநூல்களிலும் வாழ்க்கை வரலாறுகளிலும் எவ்வாறு சித்தரிக்கப்பட்டுள்ளன என்பதைப் பற்றியதாகும். முறையாகப் பயிற்சி பெற்ற வழிகாட்டி நாய் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியது. அதற்கு முன்னர் மேலைநாட்டுச் சிறுவர் கதைகளில் வந்த உடற்குறையுள்ள பாத்திரங்களிற் பல, கதை முடிவதற்குள் குணமடைந்தன அல்லது இறந்தன. பார்வை திரும்பாமலேயே ஒரு சிறுவனோ சிறுமியோ பள்ளிக்குச் செல்லவும் நண்பர்களுடன் பழகவும் முடியும் என்று காட்டும் கதைகள் எழுவதற்கு வழிகாட்டி நாய் ஒரு வாய்ப்பாக அமைந்தது. அதே வேளையில், வழியை அறிந்தது நாயே என்றும், மனிதர் அதன் பின்னே இழுபட்டுச் செல்கின்றார் என்றும் ஒரு தவறான எண்ணம் பரவுவதற்கும் இவ்வகைக் கதைகள் இடமளித்துள்ளன.

வழிகாட்டி நாயின் பணி

இக்கதைகளை மதிப்பிடுவதற்கு, வழிகாட்டி நாய் உண்மையில் என்ன செய்கின்றது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். இந்நாய் பொதுவாகப் பார்வையற்றவரின் இடப்பக்கத்தில், அவருக்குச் சற்று முன்னதாக நடக்கும். அதன் உடலில் பூட்டப்பட்ட சேணத்தில் விறைப்பான கைப்பிடி ஒன்று உண்டு. நாய் நிற்பதும், திரும்புவதும், வேகத்தைக் குறைப்பதும் இக்கைப்பிடியின் வழியாகவே மனிதரின் கைக்குத் தெரியவருகின்றன. கழுத்து வாரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் வளர்ப்பு நாயிலிருந்து இது வேறுபடுவது முதன்மையாக இதனாலேயே.

போகவேண்டிய இடம் எது என்று நாய்க்குத் தெரியாது. எத்தனையாவது தெருவில் திரும்ப வேண்டும், கடை எப்பக்கத்தில் உள்ளது என்பவற்றை மனத்தில் வரைபடமாக வைத்திருப்பவர் மனிதரே. முன்னே செல், இடப்புறம் திரும்பு, வலப்புறம் திரும்பு என அவர் கட்டளையிட, நாய் அவ்வழியிலுள்ள தடைகளைத் தவிர்த்து அழைத்துச் செல்லும். குழி, கம்பம், நடைபாதையில் நிறுத்தப்பட்ட மிதிவண்டி போன்றவற்றை மட்டுமன்றி, தனக்கு இடையூறாக இல்லாமல் மனிதரின் நெற்றி உயரத்தில் தொங்கும் மரக்கிளையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள அதற்குக் கற்பிக்கப்படுகின்றது. சாலை விளிம்பை அடைந்ததும் அது நின்றுவிடும்.

போக்குவரத்து விளக்கின் நிறத்தைப் பார்த்து நாய் சாலையைக் கடக்கின்றது என்பது பரவலாக உள்ள ஒரு தவறான நம்பிக்கையாகும். வண்டிகளின் ஓசையைக் கேட்டு, கடக்கலாமா என்று முடிவு செய்பவர் மனிதர். அம்முடிவு பிழையாகி, வண்டி ஒன்று குறுக்கே வருமானால், நாய் கட்டளையை மீறி அசையாமல் நிற்கும். இதனை அறிவார்ந்த கீழ்ப்படியாமை என்பர். எப்போது கீழ்ப்படிய வேண்டும், எப்போது கூடாது என்று ஒரு விலங்குக்குக் கற்பிப்பது எளிதன்று. கதாசிரியர்களை இந்த ஓர் இயல்பு பெரிதும் கவர்ந்துள்ளதில் வியப்பில்லை.

குட்டிகள் ஏறத்தாழ ஓராண்டு தன்னார்வக் குடும்பங்களின் வீடுகளில் வளர்க்கப்பட்டு, பின்னர் சில மாதங்கள் பயிற்சியாளர்களிடம் பயில்கின்றன. அதன்பின் நாயும் அதனைப் பெறவிருப்பவரும் சில வாரங்கள் ஒன்றாகப் பயிற்சி பெறுவர். பெரும்பாலான பயிற்சிப் பள்ளிகள் பதினாறு வயதை ஒட்டிய ஒரு கீழெல்லையை வைத்துள்ளன. தனியாக ஊரில் நடமாடப் பழகியிருத்தல், நாயின் உணவு, தூய்மை, உடல்நலம் ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்றல் என்பன எதிர்பார்க்கப்படுவதே காரணம். கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள மிரா அறக்கட்டளை 1991 இல் பதினாறு வயதுக்குட்பட்டோருக்கும் நாய்களை வழங்கத் தொடங்கியது. ஆயினும், வழிகாட்டி நாயுடன் நடக்கும் சிறுவன் நடைமுறையில் அரிய காட்சியே. கதைகளில்தான் அவன் அடிக்கடி தென்படுகின்றான்.

பயிற்சிப் பள்ளிகளுக்கு முன்

பார்வையற்றவரும் நாயும் சேர்ந்து நடப்பது மிகப் பழைய காட்சியாகும். இத்தாலியில் எரிமலை வெடிப்பால் புதையுண்ட ஹெர்குலேனியம் நகரில் கிடைத்த 1 ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்று, பார்வையற்ற ஒருவரை நாய் அழைத்துச் செல்வது போல அமைந்துள்ளது. வியன்னாவில் பார்வையற்றோர் கல்வி நிலையத்தை நிறுவிய யோகான் வில்லெம் கிளைன், 1819 இல் வெளியிட்ட தமது நூலில், விறைப்பான கோல் ஒன்றை நாயுடன் இணைத்து அதனைப் பயிற்றும் முறையை விளக்கியிருந்தார். ஆனால் அது அக்காலத்தில் பரவலாக நடைமுறைக்கு வரவில்லை.

19 ஆம் நூற்றாண்டு இலக்கியத்தில் பார்வையற்றவரின் நாய் என்பது பெரும்பாலும் தெருவில் இரப்பவரின் நாயே. சார்லஸ் டிக்கின்ஸ் 1843 இல் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில், கஞ்சனாகிய ஸ்க்ரூஜ் வருவதைக் கண்டதும் பார்வையற்றோரின் நாய்கள் தம் உரிமையாளர்களை அருகிலுள்ள வாயில்களுக்குள் இழுத்துக்கொண்டு ஒதுங்குகின்றன. மனிதரின் குணத்தை நாய் அறிந்துகொள்கின்றது. நாயை வைத்திருப்பவர்களுக்குப் பெயரும் இல்லை, பேச்சும் இல்லை. ஊன்றுகோலுடன் வரும் சிறுவன் டிம் வாசகரின் இரக்கத்தைப் பெறும் பொருட்டுப் படைக்கப்பட்டவன் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இத்தாலிய எழுத்தாளர் கார்லோ கொலோடியின் பினோக்கியோ (1883) இதனைத் தலைகீழாக்குகின்றது. அதில் நரி நொண்டியாகவும் பூனை குருடாகவும் நடித்து, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வந்து மரப்பொம்மையை ஏமாற்றுகின்றன. கதையின் இறுதியில் பூனை உண்மையாகவே பார்வை இழக்கின்றது. பார்வையின்மையைத் தண்டனையாகக் காட்டும் இப்போக்கு சிறுவர் கதைகளில் நெடுங்காலம் நிலவியது. அதன் தாக்கம் நகைச்சுவைக்குள் மறைந்து நின்றதால் எளிதிற் கவனிக்கப்படவில்லை.

குணமாதல் என்னும் முடிவு

மேலைநாட்டுச் சிறுவர் இலக்கியத்தின் புகழ்பெற்ற நூல்கள் சிலவற்றில் ஒரே அமைப்பைக் காணலாம். சூசன் கூலிட்ஜின் வாட் கேட்டி டிட் (1872) நூலில், ஊஞ்சலிலிருந்து விழுந்து படுக்கையிலான கேட்டி, பொறுமையைக் கற்றபின் மீண்டும் நடக்கின்றாள். யோஹானா ஸ்பைரியின் ஹைடி கதையில் (1880-81) சக்கர நாற்காலியில் இருந்த கிளாரா ஆல்ப்ஸ் மலைக்காற்றில் எழுந்து நடக்கின்றாள். பிரான்சிஸ் ஹொட்ஜ்சன் பர்னெட்டின் சீக்ரெட் கார்டன் (1911) கதையில் கொலினும் அவ்வாறே. நல்ல குணம், தூய காற்று, நம்பிக்கை ஆகியவை உடலைக் குணப்படுத்தும் என்றால், குணமடையாத குழந்தையிடம் அவை இல்லை என்று பொருளாகிவிடுகின்றது. லோயிஸ் கீத் என்னும் ஆங்கில எழுத்தாளர் 2001 இல் வெளியிட்ட தமது ஆய்வு நூலில், பெண்பிள்ளைகளுக்கான செவ்வியல் கதைகளில் காணப்படும் இவ்வமைப்பை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இதற்கு ஒரு முதன்மையான விலக்கு, லோரா இங்கல்ஸ் வைல்டர் தமது இளமைக் காலத்தைத் தழுவி எழுதிய கதை வரிசையாகும். 1939 இல் வெளியான பை த ஷோர்ஸ் ஒப் சில்வர் லேக் என்ற நூலின் தொடக்கத்தில், லோராவின் அக்கா மேரி நோயினால் பார்வையை இழந்துவிட்டிருக்கின்றாள். அவளுக்குக் கண்ணாக இருக்குமாறு தந்தை லோராவிடம் சொல்கின்றார். அன்றுமுதல் லோரா தான் காண்பதையெல்லாம் சொற்களாக்குகின்றாள். உவமை சேர்த்து அழகாகச் சொல்லும்போது, உள்ளதை உள்ளபடியே சொல் என்று மேரி கடிந்துகொள்கின்றாள். பார்வையற்றவர் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பவர் அல்லர், தமக்கு எது வேண்டும் என்பதைத் தாமே தீர்மானிப்பவர் என்பதை இச்சிறு பூசல் நன்கு காட்டுகின்றது. மேரிக்குப் பார்வை திரும்புவதில்லை. உண்மையான மேரி இங்கல்ஸ் 1881 இல் ஐயோவா மாநிலத்திலிருந்த பார்வையற்றோர் கல்லூரியிற் சேர்ந்தார். கதையில் செங்காய்ச்சல் என்று கூறப்பட்ட அவரது நோய், மூளையையும் மூளை உறைகளையும் தாக்கும் வைரசு அழற்சியாக இருந்திருக்கக்கூடும் என 2013 இல் மருத்துவ ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தனர்.

பட்டி

முதலாம் உலகப்போரில் பார்வையிழந்த படைவீரர்களுக்காக, மருத்துவர் கெர்கார்ட் ஸ்டாலிங் 1916 இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் முதலாவது வழிகாட்டி நாய்ப் பள்ளியைத் தொடங்கினார். 1923 இல் பொட்ஸ்டாம் நகரில் மற்றொன்று ஏற்பட்டது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்து, நாய்களை வளர்த்துவந்த டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, பொட்ஸ்டாமில் தாம் கண்டதைப் பற்றி 1927 நவம்பரில் ஓர் அமெரிக்க வார இதழில் எழுதினார். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரைச் சேர்ந்த மொரிஸ் பிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர் அக்கட்டுரையை வாசிக்கக் கேட்டு, தமக்கும் அத்தகைய நாய் ஒன்று வேண்டும் என யூஸ்டிசுக்கு மடல் எழுதினார். சுவிட்சர்லாந்துக்கு அழைக்கப்பட்ட அவர் அங்கு ஒரு பெண் ஜெர்மன் ஷெப்பர்டு நாயுடன் பயிற்சி பெற்றார். கிஸ் என்னும் அதன் பெயரை அவர் பட்டி என மாற்றிக்கொண்டார். நண்பன் என்பது அதன் பொருள்.

1928 சூனில் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கிய பிராங்க், செய்தியாளர்கள் பார்த்திருக்க, நெரிசல் மிகுந்த வெஸ்ட் தெருவைப் பட்டியுடன் கடந்தார். பின்னர் யூஸ்டிசுக்கு வெற்றி என்னும் ஒரே சொல்லைத் தந்தியாக அனுப்பினார். 1929 இல் இருவரும் சீயிங் ஐ என்னும் பள்ளியை நாஷ்விலில் நிறுவினர். இது 1931 இல் நியூ ஜெர்சி மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தது. அதே 1931 இல் இங்கிலாந்தின் வாலசி நகரில் ஜூடி, பிளாஷ், பாலி, மேட்டா என்னும் நான்கு நாய்கள் பயிற்சியை முடித்துப் பார்வையற்றோரிடம் வழங்கப்பட்டன.

பட்டியின் கதையை பிராங்க் 1957 இல் மற்றொருவருடன் சேர்ந்து நூலாக எழுதினார். சிறுவர்களுக்காக அக்கதையை ஈவா மூர் எழுதியது 1996 இல் வெளியாயிற்று. இக்கதையைத் தழுவிய பலவற்றில் தெருவைக் கடக்கும் நிகழ்வே உச்சமாக வைக்கப்படுகின்றது. நாயை விடுதிகளிலும் தொடர்வண்டிகளிலும் அனுமதிக்க வைப்பதற்காக பிராங்க் பல ஆண்டுகள் அலைந்து வாதாடியது, ஒப்புநோக்கின், குறைவாகவே பேசப்படுகின்றது. தெருவை ஒரு நாளில் கடக்கலாம். கதவுகள் அவ்வளவு எளிதில் திறக்கவில்லை. வழிகாட்டி நாயுடன் பொது இடங்களுக்குள் நுழையும் உரிமையை நாடு முழுவதற்கும் விரிவாக உறுதிசெய்த மாற்றுத்திறனாளர் சட்டம் ஐக்கிய அமெரிக்காவில் 1990 இலேயே நிறைவேறியது.

புதினங்கள்

இத்துறையில் மிகுதியாக வாசிக்கப்பட்ட புதினம் ஜேம்ஸ் பி. கார்பீல்டு எழுதிய ஃபாலோ மை லீடர் (1957) ஆகும். பதினொரு வயதுச் சிறுவன் ஜிம்மி, நண்பன் ஒருவன் எறிந்த பட்டாசு வெடித்துப் பார்வையை இழக்கின்றான். சிகிச்சையால் பார்வை திரும்பும் என்ற நம்பிக்கையைக் கதை நீட்டிக்கவில்லை. அவன் பிரெயில் எழுத்தைக் கற்கின்றான், கோல் கொண்டு நடக்கப் பழகுகின்றான், பின்னர் பயிற்சிப் பள்ளிக்குச் சென்று லீடர் என்னும் நாயைப் பெறுகின்றான். வீட்டில் உண்பது, உடுப்பது முதலிய சிறு செயல்கள்கூடப் பொறுமையாக விளக்கப்பட்டுள்ளன. இதனால் பாடநூல் போன்ற தன்மை ஆங்காங்கே தலைகாட்டினும், பார்வையின்மை என்பது கற்றுக்கொள்ளத்தக்க ஒரு வாழ்முறை என்பதைச் சிறுவர்களுக்குக் கூறிய முன்னோடி நூல்களுள் இது ஒன்று. பட்டாசு எறிந்தவனை ஜிம்மி மன்னிப்பானா என்பதே கதையை இழுத்துச் செல்லும் வினா.

இந்நூலின் தலைப்பில் ஒரு முரண் உண்டு. தலைவனைப் பின்தொடர்வது என்னும் பொருளில் அமைந்த அது, ஒரு குழந்தைகள் விளையாட்டின் பெயரையும் நினைவூட்டுகின்றது. உண்மையிலோ கட்டளையிடுபவன் ஜிம்மியே. புதினத்தின் பயிற்சிப் பகுதி இதனைத் தெளிவாகவே சொல்கின்றது. தலைப்பை மட்டும் பார்ப்பவர் வேறு விதமாகப் புரிந்துகொள்ளக்கூடும்.

பெவர்லி பட்லர் எழுதிய லைட் எ சிங்கிள் கேண்டில் (1962), அகவனுபவத்திலிருந்து பிறந்த நூலாகும். பட்லர் தமது பதினான்காம் வயதில் கண்ணழுத்த நோயினால் பார்வையை இழந்தவர். அவரது கதைத்தலைவி கேத்தியும் அதே வயதில் பார்வையை இழக்கின்றாள். வழிகாட்டி நாய் இக்கதையிலும் வருகின்றது. ஆயினும் நாய் கிடைத்தவுடன் எல்லாம் சீராகிவிடுவதில்லை. பழைய தோழியர் விலகிச் செல்வதும், பெரியவர்கள் அவளிடம் பேசாமல் அவளைப் பற்றிப் பிறரிடம் பேசுவதும் தொடர்கின்றன. நாய் தெருவிலுள்ள தடையை விலக்கும், மனிதர் மனத்திலுள்ள தடையை விலக்காது என்பதைப் பட்லர் அறிந்திருந்தார். கேத்தியின் கதை 1972 இல் கிஃப்ட் ஒப் கோல்டு என்ற தொடர்ச்சியையும் பெற்றது.

ஜீன் லிட்டில்

கனடா எழுத்தாளர் ஜீன் லிட்டில் (1932-2020) தைவானில், கனடாவைச் சேர்ந்த மருத்துவர்களுக்குப் பிறந்தவர். பிறப்பிலிருந்தே அவருக்குப் பார்வை மிகக் குறைவு. குவெல்ஃப் நகரில் உடலியக்கக் குறையுள்ள குழந்தைகளுக்கு ஆசிரியராக இருந்தபோது, அவர்களுக்கு வாசித்துக் காட்டிய கதைகளில் அவர்களைப் போன்ற குழந்தைகள் இறுதியில் அற்புதமாகக் குணமடைவதையோ இறப்பதையோ அவர் கண்டார். அக்குழந்தைகளுக்கு இவ்விரண்டும் பொருந்தாதவை. எனவே தாமே ஒரு கதை எழுதினார். மைன் ஃபார் கீப்ஸ் (1962) என்னும் அப்புதினத்தில், மூளை முடக்குவாதமுள்ள சாலி விடுதிப் பள்ளியிலிருந்து வீடு திரும்புகின்றாள். கதை முடியும்போதும் அவள் கால்களில் தாங்கிகள் இருக்கின்றன. நாய் ஒன்று இக்கதையிலும் உண்டு. ஆனால் சூசி என்னும் அது பயிற்சி பெற்ற துணைநாய் அன்று, மிரண்டு ஒடுங்கும் ஒரு சிறிய வளர்ப்பு நாய். சாலி அதற்குக் கற்பிக்கின்றாள். உதவி பெறுபவளாகவே பார்க்கப்பட்ட சிறுமியை உதவி செய்பவளாக மாற்றிய இந்த எளிய உத்தி, வழிகாட்டி நாய்க் கதைகள் பலவற்றிலும் காணக்கிடைக்காதது.

லிட்டிலின் பார்வை பிற்காலத்தில் மேலும் குன்றியது. பேசும் கணினியின் துணையுடன் எழுதத் தொடங்கிய அவர், செஃபிர் என்னும் வழிகாட்டி நாயையும் பெற்றார். இவ்வனுபவங்களை ஸ்டார்ஸ் கம் அவுட் விதின் (1990) என்னும் தன்வரலாற்று நூலில் விவரித்துள்ளார்.

படநூல்கள்

1980களுக்குப் பின் உண்மைச் செய்திகளை ஒளிப்படங்களுடன் கூறும் நூல்கள் பெருகின. கரோலைன் ஆர்னால்டின் எ கைட் டாக் பப்பி க்ரோஸ் அப் (1991) அவற்றுள் ஒன்று. குட்டியை வளர்த்து, பயிற்சிக்காகத் திருப்பிக் கொடுக்கும் குடும்பங்களில் சிறுவர்களும் உள்ளதால், பிரிவுத் துயரம் இவ்வகை நூல்களில் இயல்பாகவே இடம்பெறுகின்றது.

யப்பானில் 2001 இல் வெளியான ஒரு நூல், லாப்ரடோர் இனத்தைச் சேர்ந்த குயில் என்னும் வழிகாட்டி நாயின் வாழ்வைப் பிறப்பு முதல் இறப்பு வரை காட்டியது. அகிமோட்டோ ரியோஹெய் எடுத்த ஒளிப்படங்களும் இஷிகுரோ கெங்கோவின் உரையும் கொண்ட அது பெரும் வரவேற்பைப் பெற்று, 2004 இல் திரைப்படமாகவும் வந்தது. மாற்றுத்திறனாளர்களுக்கான துணைநாய்கள் பற்றிய சட்டம் 2002 இல் யப்பானில் இயற்றப்பட்டிருந்ததால், இந்நூலும் திரைப்படமும் தக்க காலத்தில் வந்தவையாயின.

கிளென்னா லாங் வரைந்து எழுதிய லுக்கிங் அவுட் ஃபார் சேரா (2001), பெரி என்னும் நாயின் ஒரு நாளைச் சொல்கின்றது. அதன் துணைவி சேரா ஓர் இசைக்கலைஞர். அவர் கடைக்குப் போகின்றார், அஞ்சல் நிலையத்துக்குப் போகின்றார், பள்ளியில் குழந்தைகளுக்குப் பாடுகின்றார். இழப்பு, அழுகை, மீட்சி எதுவும் இல்லை. நாயின் நோக்கிலிருந்து சொல்லும்போது மனிதர் பின்தள்ளப்படுவதே வழக்கம். இந்நூலில் சேரா தன் வேலையில் மூழ்கியிருப்பதால் அக்குறை பெரிதும் தவிர்க்கப்பட்டுள்ளது.

ஜெசிக்கா கென்ஸ்கி, பாட்ரிக் டவுன்ஸ் ஆகியோரின் ரெஸ்க்யூ அண்ட் ஜெசிக்கா (2018) சற்று விலகிய பொருளைக் கொண்டது. இந்நூலாசிரியர்கள் இருவரும் 2013 பொஸ்டன் மரதன் குண்டுவெடிப்பிற் காயமுற்ற தம்பதியர். கதையில் ரெஸ்க்யூ என்னும் நாய் தன் குடும்பத்தினரைப் போல வழிகாட்டி நாயாகும் என எதிர்பார்க்கப்பட்டு, வேறு பணிக்கு மாற்றப்படுகின்றது. கால்களை இழந்த சிறுமிக்குத் துணையாக இருப்பதே அப்பணி. தன்னால் இயலுமா என்னும் ஐயம் நாய்க்கும் சிறுமிக்கும் ஒருங்கே ஏற்படுகின்றது. குண்டுவெடிப்பு பற்றிய விவரிப்பு கதைக்குள் வரவில்லை.

திறனாய்வு

பார்வையற்றோருள் சிறு பகுதியினரே வழிகாட்டி நாயைப் பயன்படுத்துகின்றனர். பெரும்பாலோர் வெள்ளைக்கோலையே நம்பியுள்ளனர். நாய் அன்பு காட்டும், ஆபத்தில் காக்கும், இறுதியில் மூப்படைந்து வாசகரை அழவைக்கும். கோல் இவற்றுள் எதையும் செய்யாது. ஆகவே கோல் கதைகளில் நாய்க்கு முந்திய ஒரு தற்காலிகப் படியாகவே வந்துபோகின்றது. கதைச்சுவை கருதிய இத்தேர்வு, நாய் இல்லாத பார்வையற்றவர் தனியே நடமாட இயலாதவர் என்னும் எண்ணத்தை இளம் வாசகரிடம் உண்டாக்கக்கூடும்.

மற்றொரு குறை, பழைய அற்புதக் குணமாதலின் இடத்தில் நாயை வைப்பதாகும். நாய் வந்த மறுநாளே சோர்ந்திருந்த குழந்தை சிரிக்கின்றது, கேலி செய்தவர்கள் நண்பராகின்றனர் என்று முடியும் கதைகள், ஹைடியின் மலைக்காற்றுக்குப் பதிலாக நான்கு கால்களை வைத்தவையே.

பிறவியிலேயே பார்வையற்றவரான உளவியலாளர் காத்தரின் ஷ்னைடர் வழங்கிய நிதியைக் கொண்டு, அமெரிக்க நூலகச் சங்கம் ஷ்னைடர் குடும்ப நூல் விருதை ஏற்படுத்தியது. உடற்குறையுடன் வாழ்வதைச் சிறப்பாகச் சித்தரிக்கும் சிறுவர் நூல்களுக்கு வழங்கப்படும் இவ்விருது 2004 இல் முதன்முறையாக அளிக்கப்பட்டபோது, இளஞ்சிறார் பிரிவில் தெரிவானது லுக்கிங் அவுட் ஃபார் சேரா. ரெஸ்க்யூ அண்ட் ஜெசிக்கா 2019 இல் அதே பிரிவில் விருது பெற்றது.

பார்வையற்ற சிறுவர்களைப் பற்றிய இந்நூல்கள் பெரும்பாலும் பார்வையுள்ள சிறுவர்களுக்காகவே அச்சிடப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவில் பார்வையற்றோருக்குப் பிரெயில் நூல்களையும் ஒலிநூல்களையும் அரசு செலவில் வழங்கும் திட்டம் 1931 இல் பெரியவர்களுக்கு மட்டுமே தொடங்கப்பட்டது. சட்டத்திலிருந்து அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டுச் சிறுவர்களும் சேர்க்கப்பட்டது 1952 இல், அதாவது ஃபாலோ மை லீடர் வெளிவருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே. காப்புரிமை இடையூறின்றி இத்தகைய பதிப்புகளை உருவாக்கவும் நாடுகளுக்கிடையே பகிரவும் வகைசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கை 2013 இல் ஏற்கப்பட்டது. 2014 இல் அதற்கு முதலாவதாக ஏற்புறுதி அளித்த நாடு இந்தியா. உடன்படிக்கை 2016 செப்டம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்தது.